டீச்சரின் பவளமும் என்னுடைய வாயும்

கடற்கரைக்கு இரண்டு நிமிட நடையில் கடை போட்டுக்கொண்டு, கடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து விற்கிற தொழில் என்னுடையது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், பிறகு கதைப்போம்.

கடை வெள்ளவத்தையில், காலி ஊருக்குப் போகிற காலி வீதியிலிருந்து தண்டவாளத்துக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில். பிறந்தது கொட்டாஞ்சேனை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. இரத்மலானையில் ஒரு கொட்டகையில் ஏற்றுமதி மீன்களைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, செத்த ஒவ்வொரு மீனுக்கும் முதலாளியிடம் ஏச்சு வாங்கித் தொழில் படித்தேன். கடையின் பெயர்ப்பலகையிலிருந்து உள்ளே ஓடுகிற மின்விசிறி வரைக்கும் பேரம் பேசி வாங்கியதுதான். கோபம் ஒன்றுதான் எனக்குச் சும்மா கிடைத்தது.

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கும் என் சகபாவிகளே, உங்களுக்குக் கன்ட்ரோலர் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து பென்சில் மாதிரி புரோப்புகள் வயரில் இறங்கித் தண்ணீருக்குள் நிற்கும். வெப்பம், உப்பு, பி.எச் எல்லாம் அளந்து, பம்பையும் லைட்டையும் தண்ணீரைக் குளிராக்கும் சில்லரையும் தானே போட்டு நிற்பாட்டும். ஏதும் பிழையானால் ஃபோனுக்குச் செய்தி அனுப்பும். அதை நம்பி நிம்மதியாக இருக்கலாம் என்று சொல்லித்தான் நான் விற்கிறேன். என் நிம்மதி போன மூன்று மாதத்தைப் பற்றித்தான் இனி.

பேரத்தில் போன பற்றரி

ரீட்டா டீச்சர் கொட்டாஞ்சேனையில் ஒரு மூன்றாம் மாடி பிளாட்டில் இருக்கிறார். கணக்கு டீச்சராக இருந்து பென்ஷன் எடுத்தவர். கூடத்தில் நாலடித் தொட்டி, அதன் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு கிளைப் பவளம். எங்கள் கடலில் பவளம் பிடுங்கினால் சட்டம் பிடிக்கும். இது வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து, பத்திரங்களோடு வந்த சுண்டுவிரல் துண்டு. ஆறு வருடத்தில் டீச்சர் அதை விரித்த கை அளவுக்கு வளர்த்திருந்தார். இப்போது மகளுக்குப் பிள்ளைப்பேறு, டீச்சர் மூன்று மாதம் ரொறொன்ரோவுக்குப் போகவேண்டும். வீட்டில் தனியாக நிற்கப்போவது அவருடைய கணவர் சேவியர் அண்ணன். துறைமுகக் களஞ்சியத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். "இவரிட்ட விட்டுட்டுப் போனால், நான் வரேக்க தொட்டியில சுண்ணாம்புதான் மிஞ்சும்" என்றார் டீச்சர். சேவியர் அண்ணன் மறுக்கவில்லை.

நான் கன்ட்ரோலரின் விலையைச் சொன்னேன். டீச்சர் பாதி சொன்னார். நான் ஒரு படி இறங்கினேன், அவர் நகத்தளவு ஏறினார். சேவியர் அண்ணன் இரண்டு தரம் பிளேன்டீ ஊற்றினார். கடைசியில் டீச்சரின் விலைக்கு வருவதற்காகப் பட்டியலில் ஒரு வரியை நானே வெட்டினேன்: லைட் போனால், அதாவது மின்சாரம் நின்றால், பம்பை ஓட்டுகிற பற்றரி. "மூண்டு மாசத்தில என்ன லைட் போகப் போகுது?" என்று வேறு சொன்னேன். பேரம் முடிந்தது என்று எழும்பும்போது டீச்சர் கேட்டார், "இந்தப் பெட்டி பிழை விட்டால்?"

அந்தக் கேள்வியில் எனக்கு ஏறிவிட்டது. பவளம் செத்தால் வெளுக்கும், உங்களுக்குத் தெரியும். "நீங்கள் திரும்பி வரேக்க இதில ஒரு கிளை வெளுத்திருந்தாலும், என்ர கடையில இருக்கிற ஆறடித் தொட்டியை அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்து இஞ்ச வைப்பன்!" என்று கத்தினேன். அந்தத் தொட்டி பத்து வருட உழைப்பு. ரோட்டால் போகிறவர்கள் அதைப் பார்க்கத்தான் கடைக்குள் காலே வைக்கிறார்கள். சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கியது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "தம்பி அன்ரன், வெப்பத்துக்கு ஒரு சுவிட்ச், வெளிச்சத்துக்கு ஒரு சுவிட்ச் எல்லாம் இந்தப் பெட்டியில இருக்கு, உன்ர வாய்க்கு எது?"

மனுசியின் யோசனை

கடையில் கல்லாவில் இருப்பது என் மனுசி ஜெசி. நடந்ததைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். கையிலிருந்த மீன் வலையை மெதுவாகக் கீழே வைத்தாள். ஆறடித் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பத் தொட்டியைப் பார்த்தாள். எது போனால் அதிக நஷ்டம் என்று யோசிக்கிறாள் என்பது முகத்தில் எழுதியிருந்தது. பிறகு சொன்னாள், "தொட்டியோட சேர்ந்து நீங்களும் கொட்டாஞ்சேனைக்கே போங்கோ, கடையில நல்ல இடம் வரும்."

காயவைத்த சாமான்

டீச்சர் விமானம் ஏறி இரண்டு வாரம் ஒரு சத்தமில்லை. டீச்சருடைய ஃபோனிலும் என்னுடைய ஃபோனிலும் ஒரே கோடுகள், ஒரே எண்கள். ஒரு காலை என் ஃபோன் கத்தத் தொடங்கியது. வெப்பம் 31.6. சில்லர் இரவிலிருந்து நிற்காமல் ஓடுகிறது, எண் மட்டும் இறங்கவில்லை. அப்படியானால் சில்லர் பழுது. எனக்கு அதை விற்ற இறக்குமதிக்காரனுக்கு ஃபோன் போட்டு, வாயில் வந்த எல்லாவற்றாலும் அபிஷேகம் செய்துவிட்டுத்தான் ஓட்டோவில் ஏறினேன்.

பிளாட்டுக்குள் போனால் தொட்டியின் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்து வழிகிறது. கையை விட்டேன். ஃபிரிட்ஜில் வைத்த சோடா மாதிரி தண்ணீர். மீன்கள் தூக்கத்தில் நடக்கிறவர்கள் மாதிரி மிதந்தன. பவளம் கிளை முழுக்க விரித்து வைக்கிற குட்டிப் பூக்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் கிளையாக நின்றது. "அண்ணன், வெப்பம் பாக்கிற புரோப் எங்க?" என்றேன். சேவியர் அண்ணன் பெருமையோடு அலுமாரி லாச்சியைத் திறந்தார். உள்ளே, துடைத்து, வயரைச் சுருட்டி, துவாயில் சுற்றி, கழுத்தில் ஒரு மட்டை கட்டி, மட்டையில் 'வெப்பம் – 1' என்று எழுதி வைத்திருந்தார். கொட்டாஞ்சேனை லாச்சிக்குள் இரவிலும் மத்தியான வெக்கை. பெட்டி பாவம், லாச்சியைக் குளிராக்குவதற்காக இரவு முழுக்கத் தொட்டியைக் குளிராக்கியிருக்கிறது.

புரோப்பைத் தண்ணீருக்குள் விட்டேன். சில்லரை நிற்பாட்டி, சூடு மெல்ல மெல்ல ஏற விட்டு, பவளம் முதல் பூவை வெளியே நீட்டும்வரை தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். இடையில் இறக்குமதிக்காரனிடம் மன்னிப்பும் கேட்டேன், அவன் அதை இரண்டு தரம் சொல்ல வைத்தான். சேவியர் அண்ணனோ என்னை ஏதோ ஒழுங்கு தெரியாதவனைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துச் சொன்னார், "ஈரத்தோட சாமானை விட்டால் துருப்பிடிக்கும், தம்பி, மற்ற மூண்டையும் நாளைக்குக் காயவைக்கலாமெண்டு இருந்தனான்."

அளவு நாடா

வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் பாயிஸ் நாநா இரண்டு வருடமாக என் ஆறடித் தொட்டியைப் பார்க்க வருகிறார். மீன் சாப்பாட்டுப் பக்கற் ஒன்றைத் தவிர ஒரு நாளும் ஒன்றும் வாங்கியதில்லை. என் பந்தயக் கதை ஜெசி வாயால் அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு பின்னேரம் வந்தார். சட்டைப் பையிலிருந்து துணி அளக்கிற நாடாவை எடுத்தார். என் தொட்டியை நீளம், அகலம், உயரம் என்று அளந்து, உள்ளங்கையில் பேனையால் எழுதினார்.

"என்ன நாநா செய்யிறீங்க?"

"ஒண்டுமில்ல அன்ரன். நீங்க தோத்தா இது டீச்சருக்குத்தானே. அவங்கட மூணாம் மாடிக்கு இத ஏத்த ஏலாது. வித்துத்தான் ஆகோணும். எங்கட ஹோல்ல எடம் போதுமாண்டு பாத்துக்கொண்டேன்."

நான் கத்தினேன். ஒழுங்கையில் நின்ற பூனை ஓடியது. நாநா அசையவில்லை. நாடாவை ஒழுங்காகச் சுருட்டினார். தன் புதுத் தொட்டிக்கு ஒரு கன்ட்ரோலரும் வேணும் என்றார். நாலு புரோப் தேவையில்லை, இரண்டு போதும், அதனால் பாதி விலை என்றார். என் வாயிலிருந்து சத்தம் முடியும் மட்டும் பொறுமையாக நின்றுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "கோவப்படாதீங்க, டேங்க் எங்கட வூட்டுக்கு வந்த பொறகும் மீனுக்குச் சாப்பாடு ஒங்கட கடையிலதான் வாங்குவேன்."

வெள்ளிக்கிழமைக் கோடு

கணக்கு டீச்சர் கையில் கோடு போட்ட படத்தைக் கொடுக்கக் கூடாது. ரொறொன்ரோவில் காலை, இங்கே பின்னேரம், டீச்சரின் ஃபோன் வந்தது. "தம்பி, வெள்ளிக்கிழமைகளில பி.எச் கோட்டைப் பார். அஞ்சு மணிக்கு விழத் தொடங்குது, எட்டரைக்குத் திரும்ப ஏறுது. மற்ற நாளில இல்லை. மூண்டு வெள்ளியா இப்பிடி." பார்த்தேன். துருவி எடுத்த தேங்காய் மூடி மாதிரி மூன்று பள்ளம். புரோப்பை மாற்றினேன். பழைய தண்ணீரை மாற்றினேன். கடையிலிருந்து மருந்து கொண்டுபோய் விட்டேன். அடுத்த வெள்ளியும் கோடு விழுந்தது. இப்படியே விழுந்துகொண்டு போனால் பவளத்துக்குக் கூடாது, அதற்குக் கூடாதது என் ஆறடித் தொட்டிக்கும் கூடாது.

அதற்கடுத்த வெள்ளி, சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே ஏசி ஓடுகிறது, எல்லா ஜன்னலும் இறுக்கிச் சாத்தியிருக்கிறது. இரண்டு மேசை. ஒவ்வொன்றிலும் நாலு பேராக, துறைமுகத்தில் கூட வேலை செய்த எட்டு ஓய்வுபெற்ற ஆண்கள், சேவியர் அண்ணனும் அதில் ஒருவர், முந்நூற்றிநாலு என்கிற சீட்டு விளையாடுகிறார்கள். சத்தம் பக்கத்து பிளாட்டுக்குக் கேட்டு, அங்கேயிருந்து ரொறொன்ரோவுக்குப் போய்விடும் என்ற பயத்தில் ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். சகபாவிகளே, உங்களுக்குத் தெரியும்: அடைத்த அறையில் ஆட்கள் விடுகிற மூச்சு தொட்டித் தண்ணீரில் கரைந்தால் பி.எச் இறங்கும். இவர்கள் வாயைக் கட்டி வைத்தார்கள், மூச்சு காட்டிக் கொடுத்துவிட்டது.

ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். அரை மணித்தியாலத்தில் கோடு நிமிர்ந்தது. எட்டுப் பேரும் சீட்டைக் கீழே போட்டுவிட்டு என் ஃபோனைச் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள். "டீச்சரிட்ட சொல்லிப்போடாதை" என்று சேவியர் அண்ணன் என் கையைப் பிடித்தார். நானும் ஆணாய்ப் பிறந்தவன், இரங்கினேன். டீச்சருக்கு ஃபோன் எடுத்து, கூடத்தில் காற்றோட்டம் போதாது, ஜன்னலைத் திறந்து வைத்தால் இனிப் பிழை வராது என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்குவது கேட்டது. டீச்சர் அதைத் தட்டிக்கொண்டே கேட்டார், "ஒரு மேசையோ, ரெண்டு மேசையோ, தம்பி?"

ஷிப்ட்

மூன்றாவது மாதம். நான் பற்றரியை வெட்டிய பட்டியல் என்னைத் தேடி வந்த நாள் அது.

பின்னேரம் மூன்று மணி. ஃபோனில் ஒரு செய்தி: கன்ட்ரோலரோடு தொடர்பு அறுந்தது. பிறகு ஒன்றுமில்லை. கோடும் இல்லை, எண்ணும் இல்லை. சேவியர் அண்ணனுக்கு ஃபோன் அடித்தேன். சந்தியில் ட்ரான்ஸ்போமர் எரிந்துவிட்டதாம், லைட் திரும்பி வர இரவாகுமாம். பம்ப் நின்றால் தண்ணீர் அசையாது, அசையாத தண்ணீரில் மூச்சில்லை. இந்த வெக்கையில் சில மணித்தியாலம் போதும், தொட்டி முழுக்கச் சுடுகாடு. கடையில் பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று இருந்தது. வாளி மீனுக்குத்தான் போதும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.  

பிள்ளைகளை ஏற்றிய பள்ளிக்கூட வான்கள் நிறைந்து வீதி இறுகிக் கிடந்தது. ஓட்டோக்காரனை ஏசினேன், முன்னால் நின்ற பஸ்ஸை ஏசினேன், சிவப்பு விளக்கை ஏசினேன். "மீன்களுக்கு மூச்சு நிக்கப்போகுது" என்று சிங்களத்தில் கத்தினேன். ஓட்டோக்காரன் கண்ணாடியில் என்னை வடிவாகப் பார்த்து, "மாலுத? மங் ஹிதுவே லெடெக் கியலா" என்றான். மீனுக்கா இவ்வளவு, யாரோ நோயாளிக்கு என்றல்லவா நினைத்தேன் என்கிறான். அதற்குப் பிறகும் வேகமாகத்தான் ஓட்டினான், நல்ல பிள்ளை.

லிஃப்ட் இல்லை. மூன்று மாடி. கதவு அகலத் திறந்து கிடந்தது, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சேவியர் அண்ணன் ஃபோன் போட்டு நேரத்தோடே கூப்பிட்டதில், சீட்டாட்டக்காரர் எட்டுப் பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சட்டைக் கை முழங்கைக்கு மேலே. இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, பிளாஸ்டிக் ஜக்கால் தண்ணீரை அள்ளி, உயரத் தூக்கி, நுரைக்க நுரைக்கத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சுவரில் கலண்டர் மட்டை ஒன்று. அதில் சேவியர் அண்ணனின் கையெழுத்தில் ஷிப்ட் பட்டியல்: இரண்டு இரண்டு பேர், கால் மணித்தியாலம். "உயர ஊத்தினால் காத்துக் கலக்கும் எண்டு நீதானே அண்டைக்குச் சொன்னனி" என்றார். எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. சவர்க்காரம் இல்லாமல் எல்லாரையும் கை கழுவ வைத்து, ஒவ்வொரு கையாக முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டிருக்கிறார். முழங்காலுக்குத் தைலம் பூசியிருந்த ஒருவரை மட்டும் தண்ணீருக்குக் கிட்ட விடவில்லை. அவருக்கு மணிக்கூடு பார்க்கிற வேலை.

என் குட்டிப் பம்பை மூலையில் விட்டேன். அது தன்பாட்டுக்குக் குமிழி விட்டது. என் பெயரையும் பட்டியலில் எழுதினார்கள், கையையும் முகர்ந்து பார்த்தார்கள். மொத்தம் நாலரை மணித்தியாலம். தோள் கழன்றது, தரை முழுக்க உப்புத் தண்ணீர், ஒருவர் பழைய துறைமுக வேலைப் பாட்டு ஒன்றை எடுத்துவிட மற்றவர்கள் அதற்கு ஜக் தூக்கினார்கள். ஏழரைக்கு லைட் வந்தது. பெட்டியில் பச்சைப் பொட்டுகள் ஒவ்வொன்றாக முழித்தன. பம்ப் ஒன்று செருமியது, இரண்டாவது செருமியது, தண்ணீர் சுழன்றது. பவளத்தின் பூக்கள் அலையில் ஆடின. பக்கத்து பிளாட்டுக்கும் கீழ் மாடிக்கும் கேட்க எட்டுக் கிழவர்கள் விசிலடித்தார்கள். நான் யாரையோ கட்டிப்பிடித்திருந்தேன், அவரிடம் தைலம் மணத்தது. ஜக்கோடு நின்றவர் மட்டும் ஊற்றுவதை நிறுத்தாமல் கேட்டார், "சேவியர், என்ர ஷிப்ட் எப்பவோ முடிஞ்சுது, இது ஓவர்டைமோ, சும்மாவோ?"

பதினாலு நுனி

டீச்சர் வந்த அன்று பின்னேரமே என்னை வரச்சொன்னார். கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் நின்று, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, விரலால் எண்ணத் தொடங்கினார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." பதினாலில் நின்றது. "பதினாலு கிளையின்ர நுனி வெள்ளை, தம்பி. நீ ஒண்டு எண்டனி."

மூன்று மாதமாக அடக்கி வைத்த கோபமும் சேர்ந்து வந்தது. "நுனி வெள்ளையெண்டால் அது வளருது, டீச்சர்! அடியில இருந்து வெளுத்தால்தான் சாவு! இது புதுசா முளைக்கிற இடம், இன்னும் நிறம் ஏறேல்லை. ஆரிட்டயும் கேளுங்கோ! நானும் உங்கட மனுசனும் இன்னும் ஏழு பேரும் ஜக்கால..." என்று தொடங்கி, ட்ரான்ஸ்போமர், லாச்சி, துவாய், சீட்டு மேசை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சேவியர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்தார். "வளருது எண்டு எனக்குத் தெரியாதே? நான் போகேக்க கையளவு, இப்ப கையை மிஞ்சிட்டுது. காலமையில பேரப்பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு, ஃபோனில அந்தக் கோடுகளைத் தவிர நான் வேற என்னத்தைப் பாத்தனான்? உன்ர தொட்டி உனக்குத்தான், போ." பிறகு சிரித்தார். "ஆனால் ஒண்டு. காலி வீதி முழுக்கப் பேரம் பேசுறவன் எண்டு சொல்லுறாய். நான் தோத்தால் என்ன தரவேணும் எண்டு அண்டைக்கு ஏன் கேக்கேல்லை?"

அப்போதுதான் உறைத்தது.  பத்து வருட உழைப்பைத் தூக்கிப் பந்தயத்தில் வைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பிளேன்டீகூடக் கேட்காமல் வந்திருக்கிறேன். டீச்சர் வெட்டுக் குறடு ஒன்றை எடுத்து, கையை உள்ளே விட்டு, ஒரு கிளையை நறுக்கினார். விரல் நீளம், ஊதா நிறம், வெள்ளை நுனி. தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டு என் கையில் தந்தார். வளர்த்தவர் வளர்க்கத் தெரிந்தவனுக்கு வெட்டிக் கொடுக்கிறது எங்களுக்குள் உள்ள வழக்கம். விலை இல்லை, விலை கேட்டால் அவமானம்.  நன்றி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், ஆனால் வந்தது வேறு: "டீச்சர், அந்தப் பக்கத்துக் கிளை இன்னும் கொஞ்சம் நீளம்போல கிடக்கு?"

டீச்சர் குறட்டைக் கீழே வைத்தார். கைப்பையையும் கடைசியில் இறக்கி வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, கணவரைப் பார்த்துச் சொன்னார், "இஞ்சாருங்கோ, தம்பிக்குப் பிளேன்டீ ஊத்துங்கோ, இது முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லும்."

ஆக, டீச்சரின் பவளத்தைக் காப்பாற்றியது எட்டுச் சீட்டாட்டக்காரர், என் தொட்டியைக் காப்பாற்றியது டீச்சரின் நல்ல மனசு, நான் அவ்வளவு பேரம் பேசி விற்ற பெட்டி மூன்று மாதமும் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை எங்கள் எல்லாரையும் பற்றி டீச்சரிடம் கோள் மூட்டியது.